சேலை கட்டிய வேலி

வேப்பிலை கசக்கும், மான் வாய் வைக்காது என்று நம்பித்தான் கங்கைகொண்டான் பக்கத்து மானாவாரி நிலத்தில் நாற்பது வேப்பங்கன்றுகளை நட்டேன். ஐம்பது வயதில் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றினேன். நான்காம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் பாதிக் கன்றுகளில் கொழுந்து இல்லை. சுற்றிலும் புள்ளிமான்களின் குளம்படி. எனக்குக் கை ஓடவில்லை. கால் மட்டும் ஓடியது, வீட்டுக்கு. மனைவியின் பழைய சேலைகளை அள்ளி வந்து நிலத்தைச் சுற்றிக் கட்டினேன். காட்டுப்பன்றிக்கு அப்படித்தான் கட்டுவார்கள். மானுக்கும் அது போதும் என்று நினைப்பு.

பக்கத்து நிலத்துக்காரர் வரப்பில் நின்று பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, மானை விரட்டுதீரா, துணி காயப் போடுதீரா?"

"சிரியும் வே. நாளைக்கு ஒண்ணும் இங்கன எட்டிப் பாக்காது."

"எட்டிப் பாக்காது, தாண்டிரும். பன்னிதான் தாண்டாது. பைய முள்ளை வெட்டி ஒவ்வொரு கன்னுக்கும் கூடு வையும்."

நாற்பதுக்கும் வெட்ட இடுப்பில் தெம்பில்லை. முதல் வரிசையில் பத்துக் கன்றுகளுக்கு மட்டும் முள் வைத்துவிட்டு, மற்றதைச் சேலைகள் பார்த்துக்கொள்ளும் என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் ஒரு சேலைகூடக் கிழியவில்லை. மான்கள் அவற்றைத் தாண்டி வந்து முப்பது கன்றுகளையும் மொட்டையடித்திருந்தன. முள்ளுக்குள் இருந்த பத்தும் பிழைத்தன.