கரி பஸ்ஸில் போன ஐஸ்கிரீம்

பாலைச் சுண்டக் காய்ச்சினால் கோவா ஆகிறது. ஒரு படிப் பாலின் சத்து ஒரு கைப்பிடிக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உறைய வைத்தாலும் அப்படித்தான், இறுக இறுகச் சத்து, இளக இளக நஷ்டம் என்று நான் நம்பியிருந்தேன். நாற்பத்தாறு வயதில், மீசை நரைத்த பிறகு, திருச்சி ஜவுளிக்கடையில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் யோசனை சொல்லிக்கொண்டிருந்த நான் இதை நம்பினேன். நீங்கள் சிரிக்கலாம். நானும் அவ்வப்போது சிரித்துப் பார்க்கிறேன். சரியாக வருவதில்லை.

பொன்னமராவதியில் என் அக்காவுக்கு டைபாய்டு. காய்ச்சல் இறங்கியும் ஆகாரம் இறங்கவில்லை. கஞ்சியோ பாலோ எது கொடுத்தாலும் வாய் கசக்கிறதென்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், நாளுக்கு நாள் துரும்பாகப் போகிறாள் என்று மச்சான் ஆளிடம் சொல்லி அனுப்பியிருந்தார். கஞ்சியை அவள் வேண்டாம் என்கிறாள் என்றதுமே எனக்கு நிலைமை புரிந்துவிட்டது. ஏனென்றால் சோறு வடிக்கிற நேரத்தில் வடிகஞ்சியில் உப்புப் போட்டு முதல் டம்ளரைத் தானே குடிப்பது அவள் வழக்கம். "சோத்தை நீங்க தின்னுங்க, சத்தை நான் குடிச்சுக்கிறேன்" என்பாள்.

திருச்சியில் தெரிந்த டாக்டரிடம் ஓடினேன். "ஐஸ்கிரீம் கொடுத்துப் பாருமே. நாக்கு மரத்துப்போகும், கசப்புத் தெரியாது. உள்ளே இருப்பதெல்லாம் நல்ல சத்து" என்றார். மேற்கொண்டும் ஏதோ சொன்னார். அதற்குள் நான் வாசற்படி இறங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி. ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு காபி கிளப். மாஸ்டர் விடியற்காலையில் கைமிஷினைச் சுற்றி எடுத்த ஐஸ்கிரீமைத் தூக்குப் பாத்திரத்தில் அடைத்து, மரவாளிக்குள் இறக்கி, சுற்றிலும் ஐஸும் உப்பும் போட்டு, மேலே மரத்தூளும் சாக்கும் போர்த்தினார். ஒரு ரூபாய் நாலணா. "மத்தியானம் வரைக்கும் தாங்கும். மூடியை மட்டும் திறக்காதீங்க" என்றார்.

அது யுத்த காலம். பெட்ரோலைப் பட்டாளம் குடித்துக்கொண்டிருந்தது. பஸ்ஸெல்லாம் கரியில் ஓடின. பஸ்ஸின் முதுகில் ஆளுயர அடுப்பு ஒன்று. அதில் கரியை எரித்து வருகிற புகையில் வண்டி நகரும். நகரும் என்பது மரியாதைக்காகச் சொல்வது. எனக்குக் கிடைத்த இடம் கடைசிப் பெஞ்சு, அடுப்புக்கு முன்னால்.

"வாளியில என்ன சார், மீனா?" என்றார் கண்டக்டர்.

"ஐஸ்கிரீம்."

"அப்ப அடுப்புப் பக்கம் வைக்காதீங்க."

"வேற எங்கேய்யா வைக்கிறது?"

"மடியில வச்சுக்கங்க. அதுக்குத் தனி டிக்கெட் கேக்க மாட்டேன்."

மடியில் வைத்துக்கொண்டேன். முன்பக்கம் மார்கழி, பின்பக்கம் சித்திரை.

ஒன்பதேகால். புதுக்கோட்டை. முப்பத்து மூன்று மைலுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. இறங்கியதும் மூடியைத் திறந்து பார்த்தேன். கட்டியாக இருந்தது, ஓரத்தில் மட்டும் லேசாக வியர்த்திருந்தது. எனக்கும் வியர்த்தது.

பொன்னமராவதி பஸ் பத்தரைக்குக் கிளம்பியது. அதுவும் கரி பஸ்தான். வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் டிரைவர் பின்னால் வந்து, நெருப்பு அணைந்துவிட்டதோ என்று அடுப்பு மூடியைத் திறப்பார். நான் வாளி மூடியைத் திறப்பேன். அவருக்குச் சூடு போய்விடுமே என்று கவலை, எனக்குக் குளிர் போய்விடுமே என்று. இரண்டு பேர் முகமும் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும்.

திருமயம், பன்னிரண்டரை. கோட்டையைப் பற்றி நாலு வரி எழுதுவது பயணக் கட்டுரைக்காரன் கடமை. நான் கோட்டையைப் பார்க்கவில்லை. தூக்குக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி இளகிவிட்டது. மஞ்சளாக, கொழகொழவென்று ஒரு குளம். நடுவில் வெளுத்த கட்டி ஒன்று மிதந்தது. அக்காவின் உயிரே என் மடியில் இளகிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது.

ஊரைத் தாண்டி மூன்று மைலில் ஒரு மேடு. வண்டி ஏறாமல் நின்றது. "எல்லாரும் இறங்குங்க, கரி போடணும்" என்றார் டிரைவர். செம்மண் பொட்டலில் ஒரே ஒரு வேலமரம். அதன் நிழலில் உட்கார்ந்து யோசித்தேன். இளகிய தண்ணீர் சுற்றி நிற்பதால்தானே நடுக்கட்டியும் இளகுகிறது? தண்ணீரை எடுத்துவிட்டால் சத்தாவது தப்புமே? மேல்துண்டால் தூக்கின் வாயைக் கட்டி, சோறு வடிப்பதுபோல் சாய்த்துப் பிடித்தேன்.

கூடைக்காரப் பெண்பிள்ளை ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, பாயாசத்தைக் கொட்டுறீங்க?"

"பாயாசமில்லம்மா. இது வெறும் தண்ணி. சத்து உள்ள இருக்கு."

"பால் வாசனையாவுல வருது."

"வாசனை அப்படித்தான் வரும்" என்றேன், ஏதோ நானே கண்டுபிடித்த சரக்கு மாதிரி.

எங்கிருந்தோ வந்த நாய் ஒன்று, என் சாஸ்திரத்தைக் காதில் போட்டுக்கொள்ளாமல், மண்ணோடு சேர்த்து நக்கியது. நான் கட்டியைத் தூக்கில் பத்திரப்படுத்தி, மிச்சமிருந்த ஐஸை அணைகொடுத்து, ஜெயித்தவன்போல் வண்டி ஏறினேன்.

மூன்று மணி. பொன்னமராவதி. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனேன். அக்கா பாயோடு பாயாகக் கிடந்தாள்.

"வாடா தம்பி. என்னமோ கொண்டாந்திருக்கியாமே."

மச்சான் தலையணையைத் தூக்கிக் கொடுத்தார். நான் கரண்டியால் வாயில் வைத்தேன். அக்கா கண்ணை மூடி, வாய்க்குள் உருட்டிப் பார்த்தாள்.

"தண்ணிக்கட்டியாவுல இருக்கு. இனிப்பே காணோமேடா."

"வழியில இளகிருச்சுக்கா. இளகுனதை வடிச்சுட்டு, சத்தை மட்டும் கொண்டாந்திருக்கேன்."

"எங்கிட்டு வடிச்சே?"

"திருமயத்துக்கு இங்கிட்டு. ரோட்டோரம்."

 அவள் வயிறு குலுங்கியது. சத்தம் வர அவளுக்குத் தெம்பில்லை. "கஞ்சியைக் கொட்டிப்பிட்டுச் சோத்தைச் சுமந்துக்கிட்டு வந்தியாக்கும்" என்றாள். அந்த மாதத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று மச்சான் சொன்னார். என் மனம் நோகக்கூடாதென்று இன்னும் இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை திருச்சி திரும்பியதும் டாக்டரிடம் போய் நின்றேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. அடித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "பால், சர்க்கரை, முட்டை. அதிலே இருக்கிற சத்து இவ்வளவுதான். குளிர்ச்சியில் ஒரு சத்தும் கிடையாது. இனிப்பும் பாலும் முதலில் இளகி ஓடும். கடைசி வரைக்கும் கட்டியாக நிற்பது தண்ணீர். கரைந்ததையே டம்ளரில் ஊற்றிக் கொடுக்கலாம் என்று அன்றைக்கே சொன்னேனே, நீர் எங்கே நின்றீர்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தூக்கு கொண்டுபோவது, வழியில் மூடியைத் தொடுவதில்லை, கரைந்தால் கரைந்ததையே கொடுப்பது என்று முடிவு செய்து, காபி கிளப் மாஸ்டரிடம் சொல்லி வைத்தேன். வாளியைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை தந்தி வந்தது. சனிக்கிழமை அதே கரி பஸ்ஸில், அதே பெஞ்சில், மடியில் ஒன்றுமில்லாமல் போனேன். மேட்டில் வண்டி நின்றது. எல்லாரும் இறங்கினார்கள், நான் இறங்கவில்லை.

ஒரு தூக்குப் பாலில் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் பிறகு சொன்னார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நான் கொண்டுபோனதில் அக்கா சாப்பிட்டது மூன்று கரண்டி ஐஸ். பாலையும் சர்க்கரையும் முட்டையையும் நாய் சாப்பிட்டது.