என் நாக்கு பிந்துவதைக் கேட்டவன்

போன வருட மழைக்காலம். காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டு மாடியறையில் ஞாயிறு மதியம் நான்கு பேர் கூடி ஜாஸ் வாசிப்போம். நான் ஃப்ளூட். டிரம்ஸ்காரன் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவன். என்னைவிடப் பத்து வயது சின்னவன், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

சர்ச்சில் இருபது வருடம் வாசித்தவள் நான். ஆனால் ஜாஸுக்கு விரல் மட்டும் போதாது, நாக்கும் பேச வேண்டும். மேல்பல்லுக்குப் பின்னால் நாக்கு நுனியைத் தட்டி, 'டு' என்று சொல்வதுபோல் சுரத்தைத் தொடங்க வேண்டும். எந்தச் சுரத்தைத் தட்டுவது, எதை வழுக்கிவிடுவது என்பதில்தான் அந்த ஆட்டமே இருக்கிறது. எனக்கு அது லேசில் வரவில்லை. விடுவேனா? பஸ்ஸில், அடுப்படியில், ஆபீஸ் லிஃப்டில் எல்லாம் டு-டு-டு என்று முணுமுணுத்தேன். நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண் வந்தது. இது உழைப்பால் வந்த புண் என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு!

இரண்டு மாதமாகியும் அது ஆறவில்லை. ஒரு ஞாயிறு, வாசிப்பின் நடுவே அவன் டிரம்ஸை நிறுத்தினான். "அக்கா, பேஜார் பண்ணிக்காதீங்க, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க நாக்கு லேட்டா வருது. முன்னாடி இப்படி இல்ல. நீங்களே கேளுங்க" என்று போனை நீட்டினான். இரண்டு மாதம் முன்பு நான் வாசித்ததையும் முந்தின வாரம் வாசித்ததையும் அதில் பதிவு செய்து வைத்திருந்தான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ராப்பகலாகப் பழகுகிறவளைப் பார்த்து மோசமாகிவிட்டாய் என்கிறானே! போனை வாங்கவே இல்லை. "தட்டுறவனுக்கு ஊதுறதைப் பத்தி என்ன தெரியும்? இனிமே நீ வர வேணாம்" என்றேன், மற்ற இருவர் முன்னால். "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு மழையிலேயே இறங்கிப் போனான்.

மேலும் இரண்டு மாதம் கழித்து, பல் சுத்தம் செய்யப் போன இடத்தில் டாக்டர் அந்தப் புண்ணைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்தது. நாக்கின் இடது பக்கம் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் முன்பே வந்திருந்தால் கொஞ்சம்தான் எடுத்திருப்போம் என்றார் சர்ஜன். நாக்கு அசைவதில் மாற்றம் எதுவும் தெரியவில்லையா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அப்பட்டமான பொய்.

தையல் ஆறியதும் அவனுக்குப் போன் செய்தேன். என் பேச்சு எனக்கே புரியவில்லை. அவன் போனை வைத்துவிடவில்லை. "அக்காவா? மெதுவா சொல்லுங்க, நான் கேக்கறேன்" என்றான். நடந்ததை ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லி, மன்னிப்பும் கேட்டு முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அவனும் அழுதான். "அன்னிக்கே நான் விடாம சொல்லியிருக்கணும்க்கா" என்று தன்னையே நொந்துகொண்டான். என்னை அவன் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஃப்ளூட்டை இப்போது மூச்சால் மட்டும் மெல்லத் தொடங்குகிறேன். ஜாஸ் இனி வராது. அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன், என் நாக்கை என்னைவிட நன்றாகக் கேட்ட ஒரே ஒருவனை நானே வாயடைத்து அனுப்பினேனே, அதைத்தான் தாங்க முடியவில்லை.