ரெஜினா மிஸ் கேட்ட கடைசி வரி

பாண்டி பஜாரில் தையற்காரரிடம் அளவு ரவிக்கையைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. ரெஜினா மிஸ் அன்று காலை காலமாகிவிட்டார். நான் சுவரோரமாக நகர்ந்து நின்று மறுபடி படிப்பதற்குள் இரங்கல்கள் வந்து விழத் தொடங்கின. ஆன்மா சாந்தியடையட்டும், ஈடுசெய்ய முடியாத இழப்பு, கூப்பிய கைகள். நாற்பது பேர் எழுதியிருந்தார்கள். பெயர்களை மறைத்துவிட்டால் ஒரே ஆள் எழுதியதாகத்தான் தோன்றும். ரெஜினா மிஸ் இதைப் பார்த்திருந்தால், "செத்தது யாருன்னே தெரியலையே" என்றிருப்பார். அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. தையற்காரர் பயந்துபோய் ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மயிலாப்பூருக்கும் சாந்தோமுக்கும் நடுவில் இருக்கும் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்தவர் அவர். சாந்தோம் தேவாலயப் பங்கைச் சேர்ந்த குடும்பம். அப்பா, அத்தை, தம்பி என்று வீடு முழுக்க ஆசிரியர்கள். நான் சுகந்தி. ஆதம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து அதே பள்ளியில் அதே பாடத்தை நடத்துகிறவள், அவரைவிட நாலு வயது சிறியவள். எங்கள் பள்ளியில் ஆசிரியைகளும் ஒருவரையொருவர் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவர் மட்டும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

முன்னாள் மாணவிகள் கொண்டுவரும் நினைவு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டார்கள். ஒரே மூச்சில் மூன்று பக்கம் எழுதினேன். தியாகச் சுடர், ஏற்றிவிடும் ஏணி, தன்னலமற்ற சேவை எல்லாம் அதில் இருந்தன. முடித்ததும் பழக்கதோஷத்தில் அடியில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே ஒரு வரி எழுதினேன்: "அவருடைய ஆராய்ச்சியைக் கெடுத்தவள் நான், அதைக் கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை." மேலே இருந்த மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். இது அந்த ஒரு வரியிலிருந்து தொடங்கி எழுதியது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் வகுப்புக் கட்டுரை நோட்டுகளைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதுவார்கள். பிழை என்று ஒன்று இருக்காது. ஒருநாள் ஆசிரியர் அறையில் அந்த நோட்டுகளைப் புரட்டிய ரெஜினா மிஸ், 'நான் கண்ட பொருட்காட்சி' என்ற கட்டுரையைப் பத்து நோட்டில் படித்துவிட்டு, இதில் பொருட்காட்சிக்குப் போன பிள்ளை எது என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. பரீட்சையில் உங்கள் வகுப்பைவிட என் வகுப்புதான் மதிப்பெண் வாங்குகிறது என்றேன். அது உண்மைதான்.

"வாங்கட்டும் சுகந்தி. ஆனா நாப்பது நோட்டை எதுக்குத் திருத்துறே? ஒண்ணைத் திருத்தினா போதுமே" என்றார்.

ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவர் மதியம் எதிரே உட்கார்ந்து, பேசாத என்னிடம் ஊறுகாயை நீட்டிக்கொண்டே இருந்தார்.

அவர் முறை மிக எளிமையானது. பிள்ளை தனக்குத் தெரிந்தபடி கட்டுரையை எழுதலாம், நோட்ஸைப் பார்த்து எழுதினாலும் திட்ட மாட்டார். எழுதி முடித்ததும் அடியில் ஒரு கோடு போட வேண்டும். கோட்டுக்குக் கீழே, இதில் நான் எழுதாமல் விட்டது என்ன என்று ஒரே வரி. அந்த வரிக்குத் திருத்தம் கிடையாது, மதிப்பெண் கிடையாது. மறுநாள் அந்த வரியிலிருந்து கட்டுரையைப் புதிதாகத் தொடங்க வேண்டும். அவர் வகுப்பில், பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் ஒருவரின் மகள், தன் தாய் வைகறையில் எழுந்து வாசலில் கோலம் போடுவதாக அழகாக எழுதிவிட்டு, கோட்டுக்குக் கீழே, "எங்கம்மா கோலம் போடாது, அந்நேரம் காசிமேட்டு ஏலத்துல நிக்கும்" என்று எழுதியிருந்தாள். அதை வைத்துக்கொண்டு ரெஜினா மிஸ் ஆசிரியர் அறையையே இரண்டு சுற்று வந்தார்.

இந்தக் கோடு உண்மையிலேயே பிள்ளைகளுக்கு உதவுகிறதா, இல்லை, தனக்கு மட்டும் அப்படித் தோன்றுகிறதா என்று அவருக்கே ஒரு சந்தேகம் இருந்தது. அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தார். அவருடைய அப்பாவுக்கு மகிழ்ச்சி தாளவில்லை. வாசல் பெயர்ப்பலகையைப் புதிதாக எழுதச் சொல்லி, ரெஜினா என்ற பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட இப்போதே இடம் விட்டு வைக்கச் சொல்லிவிட்டார்.

ஆய்வுக்கு இரண்டு வகுப்புகள் தேவைப்பட்டன. எட்டு ஏ அவருடையது, அங்கே கோடு உண்டு. எட்டு பி என்னுடையது, அங்கே நான் வழக்கம்போல் நடத்த வேண்டும். ஆண்டு முடிவில் இரண்டு வகுப்பும் ஒரே தலைப்பில் எழுதும். வெளியாசிரியர்கள் பெயர் பார்க்காமல் மதிப்பிடுவார்கள்.

"ஒரு வருஷம் நீ நீயாவே இரு சுகந்தி. வேற ஒண்ணும் செய்ய வேணாம்" என்றார். இவ்வளவு சுலபமான உதவியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டேன்.

அரையாண்டுப் பரீட்சைக்குப் பிறகு 'என் வீடு' கட்டுரை எழுதவைத்தேன். வீட்டின் முன்னே அழகிய தோட்டம் உள்ளது என்று நான்தான் சொன்னேன். நோட்டுகளைத் திருத்தும்போது கார்த்திகா என்ற பெண்ணின் நோட்டில் கட்டுரைக்கு அடியில் ஒரு கோடு. ஏ பிரிவுத் தோழியிடம் கற்றுக்கொண்டிருக்கிறாள். கீழே எழுதியிருந்தாள்: "போன மாசம் கடல் எங்க வூட்டு முன்செவுத்த எடுத்துனு போயிடுச்சு. மிஸ் சொன்னதால தோட்டம்னு எழுதிக்கீறேன்."

அந்தப் பக்கத்தில் நான் ஏற்கெனவே 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் அவளை மட்டும் அந்த வரியிலிருந்து எழுதச் சொன்னேன். ஒருத்திதானே, இதனால் ஆராய்ச்சிக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். அந்த வாரமே நாலு பேர் கோடு போட்டார்கள். பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது வகுப்பு முழுவதும் போட்டது, நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எதிர் நாற்காலியில் ரெஜினா மிஸ் தன் ஆய்வுக் குறிப்புகளை எழுதிக்கொண்டிருப்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு நான் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். கடைசித் தேர்வன்று இன்னும் ஒருபடி கீழே போனேன். இன்றைக்கு மட்டும் யாரும் கோடு போடக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்தேன்.

மதிப்பீடு வந்தது. இரண்டு வகுப்பும் ஒரே அளவு முன்னேறியிருந்தன. கோடு போட்டதால் ஒரு வித்தியாசமும் இல்லை, வேறு பள்ளியில் வேறு இரண்டு வகுப்பை வைத்து முதலிலிருந்து செய்யுங்கள் என்று வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லிவிட்டாராம். ரெஜினா மிஸ் ஆய்வையே விட்டுவிட்டார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். ஏன் விட்டீர்கள் என்று மட்டும் கேட்டேன். "இன்னொரு வகுப்பை ஒரு வருஷம் சும்மா உக்கார வெச்சு வேடிக்கை பாக்க மனசு வரல சுகந்தி" என்றார். தோல்வியை மறைக்க அப்படிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகும் பத்து ஆண்டுகள் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் ஓய்வுபெற்ற நாளில் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துப் போய், சால்வையைப் போர்த்திவிட்டுத் திரும்பி வந்தேன்.

அடக்கத்தன்று சாந்தோம் வீட்டு வாசலில் அந்தப் பெயர்ப்பலகை அப்படியே இருந்தது. பெயருக்கு முன்னால் மூன்று விரற்கடை காலி இடம். காலைப் பூசைக்குக் கிளம்பிச் சேலைக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தவர், "கொஞ்சம் இரு" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தாராம், அவ்வளவுதான் என்று தம்பி மகள் சொன்னாள். கூட்டத்தில் கார்த்திகா என்னைக் கண்டுபிடித்து வந்தாள். இப்போது பட்டினப்பாக்கத்தில் அம்மாவின் மீன் கடையை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் சொன்னால் தப்பில்லை என்று தொடங்கினாள்.

"அன்னிக்கு நீங்க கோடு வேணாம்னீங்க மிஸ். என் கை கேக்கல, போட்டுட்டேன். அந்தப் பேப்பரப் பாத்துட்டு ரெஜினா மிஸ் தனியா கூப்ட்டு, யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டாங்க. எங்க மிஸ்தான், கிளாஸ்ல எல்லாரும் போடுவோம்னேன். பேப்பர மடிச்சுப் பையில வெச்சுக்கினாங்க. அப்பாலதான், 'இத யாராண்டயும் சொல்லாத கார்த்திகா. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா உங்க மிஸ் பயந்துடுவாங்க. பயந்தா நிறுத்திடுவாங்க'ன்னாங்க."

அந்த ஒரு தாளைக் கொண்டுபோய்க் காட்டியிருந்தால் பேராசிரியரிடம் அவர் பக்கம் நியாயம் நின்றிருக்கும். என்னை விசாரித்திருப்பார்கள், நானும் மறுநாளே பழையபடி தோட்டத்துக்குத் திரும்பியிருப்பேன். அவர் என்னை நன்றாகத்தான் தெரிந்துவைத்திருந்தார். அவருடைய சந்தேகத்துக்கான பதிலும் அந்தத் தாளிலேயே கிடைத்துவிட்டது. கோடு உதவுகிறது, நோட்ஸ் சொல்லிக்கொண்டிருந்த சுகந்தியின் வகுப்பில்கூட உதவுகிறது. பட்டம் இல்லாமலே அவருக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

கல்லறையில் எல்லோரையும் போல ஒரு பிடி மண் போட்டேன். அங்கே அவரிடம் சொல்ல நினைத்ததைச் சொல்லாமலே பஸ் ஏறி வந்துவிட்டேன். எனவே அவருடைய முறைப்படி இங்கே கோடு போடுகிறேன்.

————————

எழுதாமல் விட்டது: ஒரு வருஷம் என்னை நானாகவே இருக்கச் சொன்னீர்கள், மிஸ். என்னால் இருக்க முடியவில்லை, மன்னித்துவிடுங்கள். இன்றைக்கும் ஒன்றைத் திருத்தினால் போதவில்லை, நாற்பது நோட்டையும் திருத்த வேண்டியிருந்தது. போய் வாருங்கள்.