டிக் டிக் என்று சத்தம் போட்ட கலிப்சோ பெட்டி

அந்தப் பெட்டியில் ஏறி உட்கார்ந்தால் பாவாடை முழுக்கத் தேயிலைத் தூள் மணக்கும்... துவைத்தாலும் போகாது.

துறைமுகத்தில் கழித்துப் போட்ட பழைய தேயிலைப் பெட்டி அது. அன்ரன் அண்ணா அதன் ஒரு பக்கத்தில் வட்டமாக ஓட்டை போட்டு, மணிக்கூட்டு ஸ்பிரிங்கைத் துண்டு துண்டாக வெட்டி வரிசையாக முடுக்கியிருந்தான். மேலே உட்கார்ந்து, கையைக் கீழே விட்டு அந்தத் தகடுகளைச் சுண்டினால் 'டொம்... டொம்' என்று பேஸ் வரும்.

அண்ணா கிட்டார், பக்கத்து வீட்டு நெல்சன் பொங்கோ மேளம், நான் பெட்டி. எங்கள் கொட்டாஞ்சேனைக் கலிப்சோ குழு அவ்வளவுதான்!

அண்ணாவுக்குப் பாட்டை விட அதன் பூர்வீகம் சொல்வதில்தான் பைத்தியம். ரெகே ஜமெய்க்காவில் பிறந்தது, ஹைலைஃப் கானாவில், கலிப்சோ டிரினிடாட்டில், எங்கள் பைலாவிலும் போர்த்துக்கேயர் கொண்டுவந்த ஆப்பிரிக்கரின் தாளம் இருக்கிறது... சாப்பிடும்போதும் இதே கதை. "முதல்ல சோத்தைத் தின்னடா, டிரினிடாட் எங்கயும் ஓடாது" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

பப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை. பாட்டு அல்ல... நான் பெட்டியில் உட்காருவது.

"ஒரு குமர்ப்பிள்ளை சனத்துக்கு முன்னால பெட்டியில ஏறிக் குந்திக்கொண்டு... சீ! ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில நடக்கிற போட்டிதான் கடைசி. தோத்தா பெட்டி அடுப்புக்குள்ள."

பப்பா சொன்னால் செய்வார்.

யுத்த காலம் அல்லவா... போட்டியன்று காலி வீதியில் செக் பொயின்ட். பெட்டியைச் சாக்கால் சுற்றிக் கட்டி த்ரீவீலரில் வந்த எங்களை இறக்கினார்கள். ஐடென்டிட்டி கார்ட், பொலிஸ் பதிவு எல்லாம் காட்டினோம். ஆமிக்காரர் குனிந்து சாக்கில் காதை வைத்தார்.

டிக்... டிக்... டிக்...

நெல்சனின் வேலை! குறித்த நேரத்துக்குள் பாடி முடிக்க வேண்டும் என்பது போட்டி விதி. நேரம் பார்த்துப் பழகுவதற்கு வைத்திருந்த அலாரம் மணிக்கூட்டை, உடையாமல் இருக்கட்டும் என்று பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டான். அந்தக் காலத்துக் கொழும்பில், மூன்று தமிழ்ப் பிள்ளைகள் கொண்டுபோகும், ஸ்பிரிங் பூட்டிய பெட்டிக்குள் குண்டு மாதிரி டிக் டிக்கென்று ஒரு மணிக்கூடு! புத்தி எங்கே போனதோ...

விசில் ஊதினார்கள். வீதியில் நின்ற சனமெல்லாம் விலகி ஓடியது. எங்களைச் சுவரோடு நிற்க வைத்தார்கள். நெல்சன் "அந்தோனியாரே, அந்தோனியாரே" என்று முணுமுணுத்தான்.

வயதான சார்ஜன்ட் ஒருவர் வந்து, "மே மொகத, நங்கி?" என்று கேட்டார். இது என்ன, தங்கச்சி?

"கலிப்சோ பெட்டிய, சார்" என்றேன், எனக்குத் தெரிந்த சிங்களத்தில்.

நன்றாகச் சோதித்து, மணிக்கூட்டை வெளியே எடுத்து, எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டினார். நல்ல காலம், பிடித்து வைக்கவில்லை. ஆனால் பெட்டியும் பொங்கோவும் அங்கேயே இருக்க வேண்டும், திரும்பும்போது எடுக்கலாம் என்றுவிட்டார்.

மண்டபத்தின் பின்பக்கத்தில் அண்ணா இடிந்துபோய் உட்கார்ந்தான். "வெறுங் கிட்டாரை வச்சு என்ன செய்யிறது? வாங்க, வீட்ட போவம்."

எட்டிப் பார்த்தேன். முன்னமே வந்திருந்த பப்பா கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்ததே ஒரு கோபம்!

"நெடுக எங்கட காதைத் தின்னுறாயே அண்ணா, டிரினிடாட்ல வெள்ளைக்காரன் மேளத்தைத் தடை செய்ய அந்தச் சனம் என்ன செய்தது? வீட்டயா போனது?"

அண்ணா விழித்தான். "மூங்கிலைத் தரையில குத்தினது... போத்தில், பிஸ்கட் டின்னில தட்டினது..."

"அப்ப எழும்பு!"

பின்பக்கம் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த இடத்தில் வெற்று பிஸ்கட் டின் கிடந்தது. அது நெல்சனுக்கு. சோடாப் போத்திலும் கரண்டியும் எனக்கு. பேஸுக்கு? மேடை மரப்பலகை... செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதிகாலால் ஓங்கி மிதித்தேன்.

டொம்!

முன்வரிசைப் பட்டுச் சேலை அன்ரிமார் முதலில் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒரு கைதட்டல்... பிறகு பத்து... கடைசிப் பாட்டுக்கு வேட்டியை மடித்துக் கட்டிய யாரோ ஒருவர் மேடைக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தார். மண்டபமே எழும்பி நின்றது. முதல் பரிசு எங்களுக்கு! அண்ணா அழுதேவிட்டான். நான் அழவில்லை, குதித்தேன்.

திரும்பும்போது பப்பாவும் எங்களோடு வந்தார். செக் பொயின்டில் சார்ஜன்ட் பெட்டியைக் காட்டி, எங்களில் யாருடையது என்று சிங்களத்தில் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பப்பா முன்னால் போய் அதைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"மகே துவகே" என்றார். என்னுடைய மகளுடையது.

இப்போது அந்த இடத்தில் செக் பொயின்ட் இல்லை. வாகன நெரிசல்தான் எங்களை நிறுத்துகிறது. அண்ணா கனடாவிலிருந்து போனில் பூர்வீகம் சொல்கிறான். பப்பா பொரளைக் கல்லறையில். பெட்டி என் ஹோலில் இருக்கிறது, தேயிலை மணம்தான் போய்விட்டது.

"அன்ரி, இந்தப் பழைய பெட்டி ஆருட?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள்.

"எங்கட பப்பாட மகள்ட" என்பேன்.

சொல்லிவிட்டு ஏறிக் குந்துவேன்... இந்த வயதிலும்.