வில்மாட் துரையின் ஏட்டையா

“எத்தனை சன்னல்?”

மடவார் வளாகம் கோயிலுக்குப் போகும் வழியில், பழைய பயணியர் பங்களா வாசலில் ஆட்டோவுக்கு நின்ற ராஜபாளையத்துப் புதுமாப்பிள்ளையை மடக்கிவிட்டார் ஓய்வுபெற்ற ஏட்டு சமுத்திரம்.

“பதினாறு, சார்.”

“பதினேழு. படிக்குப் பின்னால ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. அதுலதாம்லே காத்தே வருது. யாரு வச்சது?”

மாப்பிள்ளை பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் ரோட்டைப் பார்த்தாள்.

“வில்மாட் துரை. அவிய வச்சது. போ.”

முப்பது வருடம் திருடர்களிடம் பெயர் கேட்டவர். இப்போது ஊரையே ஒரு பெயர் சொல்ல வைக்கப் பாடுபடுகிறார். விக்டோரியா ராணி காலத்தில் இந்தப் பங்களாவை வரைந்து கட்டியவரின் பெயர் அது. வாசல் வளைவுக்குக் கீழே கல்லில் தமிழிலும் வெட்டியிருக்கிறது. பெற்ற பிள்ளைகளின் பிறந்தநாள் ஏட்டையாவுக்குத் தெரியாது. துரையின் பிறந்தநாளுக்கு மட்டும் பேருந்தை நிறுத்தி மிட்டாய் கொடுப்பார்.

“அந்தத் தொர உங்களுக்கு மாமனா, மச்சானா?” என்பார் அவர் மனைவி வெங்கடேஸ்வரி.

“சித்திரை வெயில்ல அந்தப் பங்களாவுல காவல் நின்னேன்ல, எனக்கு நெழலும் காத்தும் குடுத்தது அவிய மட்டுந்தான். நீ மோர்கூடக் குடுத்து விடல.”

போன தை மாதம், பங்களாவில் இயங்கும் அலுவலகத்துக்கு அழகு பார்க்கும் ஆசை வந்தது. வாசல் சுவர் முழுக்க டைல்ஸ். பெயர்க்கல்லும் அதற்குள் போய்விடும். சமுத்திரம் ஏழு மனு எழுதினார். எல்லாம் போலீஸ் நடையில்: ‘மேற்படி வில்மாட் என்பவர் யாதொரு குற்றமும் செய்யாத நிலையில்...’ பதில் இல்லை.

கொத்தனார் கண்ணுச்சாமி சிமெண்டு குழைத்துக்கொண்டு வந்தபோது, கல்லில் சந்தனம், குங்குமம், வேப்பிலை மாலை. கண்ணுச்சாமி செருப்பைக் கழற்றினார்.

“சாமி இருக்குன்னு யாரும் சொல்லலையே, ஏட்டையா?”

“சாமி என்ன, மனு போட்டுட்டா வரும்?”

டைல்ஸ் கல்லுக்கு இரண்டு முழம் தள்ளியே நின்றுகொண்டது.

கல் தப்பியது, பெயர் மாட்டிக்கொண்டது. அடுத்த வெள்ளியே பெண்கள் விளக்கோடு வந்தார்கள். எண்ணெயும் மஞ்சளும் ஏற ஏற எழுத்து மூடியது. துரை ‘வாசக்கல்லுச் சாமி’ ஆகிவிட்டார். சாமியில்லை என்றால் டைல்ஸ் வரும். சாமிதான் என்றால் வில்மாட் போய்விடுவார். பொய்ச்சாட்சிகளை எல்லாம் ஒரு முறைப்பில் கண்டுபிடித்தவர், தன் பொய்யை வைத்துக்கொண்டு ஒரு மாதம் முழித்தார்.

பூ விற்கும் சுடலைமாடத்தி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள்.

“எம்மக போலீஸ் பரீட்சை எழுதுதா. இந்தச் சாமிக்கு என்ன நேந்துக்கிடணும், ஏட்டையா?”

சமுத்திரம் அண்ணாந்து பார்த்தார். வளைவில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு.

“எண்ணெ ஆகவே ஆகாது, தாயி. அவியளுக்குக் கடுக்காத் தண்ணியில கொழச்ச சுண்ணாம்புதான் இஷ்டம், இந்தப் பங்களாவே அதுல கட்டுனதுதான். கல்லத் தொடச்சு, பேர வாசிச்சுட்டுக் குடுக்கணும்.”

மறுநாள் காலையில் சட்டி நிறையச் சுண்ணாம்போடு வந்து நின்றாள். முந்தானையால் கல்லைத் துடைத்தாள். எழுத்துக் கூட்டி, “வில்... மாட்டு,” என்றாள்.

ஏட்டையா பங்களா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். ஒரு கை சுண்ணாம்பை அள்ளி, வெடிப்புக்குள் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் எரிந்தது. உள்ளே பிடிக்கும் வரை எடுக்கவில்லை.