ஒரே கூட்டத்து இன்ஸ்பெக்டர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பெரியம்மா வீட்டு டிவியில் யாராவது ஒருவர் கொலையாகிக் கிடப்பார். அவரைக் கொன்றது யார் என்று நாங்கள் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. பிணத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் இன்ஸ்பெக்டரும், இந்தப் பக்கம் நிற்கும் சப்-இன்ஸ்பெக்டர் பெண்ணும் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

தொடர் இந்தியில் வந்தது. பெரியப்பாவின் லாரிகள் நாக்பூர் வரைக்கும் போய்வரும். ஆனால் இந்தி தெரிந்த டிரைவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாக்பூர்ப் பக்கம்தான் இருந்தார்கள். அந்த அறையில் இருந்த யாருக்கும் ஒரு வார்த்தை புரியாது. அதனால் எங்கள் வாக்குவாதத்துக்கு எந்தத் தடையும் இல்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். பள்ளிக்கூடத்தோடு நிற்காமல் பி.காம். முடித்து, டைப்பிங்கில் ஹையரும் பாஸ் செய்திருந்தேன். இதைச் சொல்ல வாய்ப்பில்லாத இடங்களுக்கு நான் அப்போதெல்லாம் போவதே இல்லை. பெரியம்மா வீட்டில் மற்றவர்கள் தரையில் உட்கார்ந்து கோழிக் குழம்புக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே டிவி பார்ப்பார்கள். நான் மட்டும் நாற்காலியில், கால்மேல் கால் போடாத குறையாக உட்கார்ந்திருப்பேன். பேச்சில் 'ஆதாரம்', 'யூகம்' என்ற சொற்களைத் தேவைக்கு மேல் பயன்படுத்துவேன்.

அது காதல் என்பதை நான் மட்டும் மறுத்தேன். காரணம் ரசனை அல்ல, என் வேலை.

திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வைத்திருந்த ஒருவருடைய ஆபீசில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்து, போய்வர ஆரம்பித்திருந்தேன். அப்பா, "போய்ப் பாரு" என்று சொல்லியிருந்தார். "போ" என்று முடிவாகச் சொல்லவில்லை. காரணம் அத்தை. அத்தை அப்பாவுக்கு அக்கா. பக்கத்துத் தோட்டத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தார். அத்தை வேண்டாமென்று சொல்லியும் அப்பா செய்த ஒரே காரியம் என்னைக் காலேஜில் சேர்த்தது. இரண்டாவது தடவை அப்படிச் செய்ய அவருக்குத் தெம்பு இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

"ஆம்பளையும் பொம்பளையும் ஒரே ரூம்புல ஒக்காந்து வேலை பாத்தா என்ன நடக்கும்?" என்று அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார். டிவி வரும் வரைக்கும் அவரிடம் உதாரணம் இல்லை. டிவி வந்து, வாரம் தவறாமல் உதாரணம் காட்ட ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடரில் மழை பெய்தது. இன்ஸ்பெக்டர் அந்தப் பெண்ணுக்குக் குடை பிடித்தார்.

பெரியம்மா உரித்த வெங்காயத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, நாத்தனாரான அத்தையிடம், "குடையைப் பாருங்க நங்கை! அவன் பாதி நனையறான், அவமேல ஒரு சொட்டு உழுகுல" என்றார். பெரியம்மாவுக்கு அந்த இருவரும் சேர வேண்டும். அவருக்கு வேறு நோக்கம் எதுவும் கிடையாது.

"மழை பெஞ்சா குடை புடிக்காம என்ன பண்ணுவாங்க பெரியம்மா? அது கடமைங்க" என்றேன் நான்.

அத்தை என் பக்கம் திரும்பினார். "எங்கூட்டுக்காரரு கலியாணமான நாள்ல இருந்து எனக்கு ஒரு குடை புடிச்சதில்லை. கட்டினவனே புடிக்காத குடையை ஒருத்தன் புடிச்சா அதுக்கு என்ன பேரு அம்மிணி?"

அம்மாதான் தலையைத் தூக்காமல், "அண்ணங்கிட்டக் குடையே கெடையாதுங்களே நங்கை" என்றார்.

நான் என் ஆபீசையே ஆதாரமாகக் காட்டினேன். எனக்கு எதிர்மேசையில் இருந்தவர் மேனேஜர். ஐம்பதைத் தாண்டியவர், மூக்குப்பொடி போடுவார். மழை வந்தால் ஒரு உரச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வேறு யார் இருக்கிறார்கள் என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவார்.

"பாத்துக்குங்க அத்தை, இதுதானுங்க ஆபீசு" என்றேன்.

"ஒரு நாளைக்கு அவருக்கு ரெண்டு சாக்கு கெடைக்கட்டும். அப்பறம் பேசலாம்" என்றார் அத்தை.

அப்பா இந்த விவாதங்களில் கலந்துகொள்ள மாட்டார். அவர் டிவி பார்ப்பதில்லை என்று ஊரில் பேர். ஏற்காட்டு மலையின் டிவி டவரைப் பார்த்து நின்ற ஆன்டெனா காற்றில் திரும்பிவிடும். அதைச் சரிசெய்யத்தான் அவர் வருவார். சரிசெய்தபிறகு படம் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்க வாசற்படியில் நிற்பார். தொடர் முடியும் வரைக்கும் தெளிவாகத்தான் தெரிகிறதா என்று பார்ப்பார். அவர் காதில் எல்லாம் விழுகிறது என்பது எனக்குத் தெரியும். அத்தைக்கும் தெரியும். நாங்கள் இருவரும் பேசியதெல்லாம் வாசற்படிக்குத்தான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞானம் பிறந்தது. இன்ஸ்பெக்டர் மேசைமேல் அவர் பெயர்ப்பலகை இருக்கும், ஆங்கிலத்தில். அந்த வாரம் அந்தப் பெண்ணுக்கும் தனி மேசை கொடுத்து, அவள் பெயரையும் ஒரு பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். கேமரா அதைக் கிட்டத்தில் காட்டியது. இரண்டு பெயர்களுக்கும் பின்பாதி ஒன்றாக இருந்தது.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். "அவிய ரெண்டு பேரும் ஒரே கூட்டமுங்க!"

எங்கள் பக்கம் ஒரே கூட்டத்தில், அதாவது ஒரே குலத்தில், பிறந்தவர்கள் எல்லாம் பங்காளிகள். எத்தனை ஊர் தள்ளிப் பிறந்திருந்தாலும் ஆணும் பெண்ணும் அண்ணன் தங்கை முறைதான். கல்யாணப் பேச்சுக்கே இடமில்லை. பெண் பார்க்கப் போகிறவர்கள் பேர் கேட்பதற்கு முன்னால் கூட்டத்தைத்தான் கேட்பார்கள். பெயரின் பின்பாதி வடநாட்டில் கூட்டத்தின் பெயராகத்தான் இருக்க வேண்டும், வேறு எதற்காக அதைச் சுமந்துகொண்டு திரிகிறார்கள் என்று நான் முடிவு செய்தேன். இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொந்தமாகவே கண்டுபிடித்தேன்.

"நெசமாவா?" என்றார் அத்தை.

"நானே படிச்சேனுங்க. இங்கிலீசுல போட்டிருக்குது."

பெரியம்மாவின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் அத்தைதான் ஆச்சரியப்படுத்தினார். இரண்டு நிமிடம் யோசித்துவிட்டு, "தங்கச்சி நனையக் கூடாதுன்னு குடை புடிச்சிருக்கறான். பொறந்தவன்னா அப்புடி இருக்கோணும்" என்று மூக்கை உறிஞ்சினார். அது வெங்காயத்தால் மட்டும் வந்ததல்ல. வாசற்படியில் அப்பா, "அப்பச் சரி" என்றார்.

அன்றைக்கு வீடு திரும்பும்போது வழக்கில் ஜெயித்த வக்கீலைப் போல நடந்தேன். சேதி அடுத்த தோட்டத்துக்கும், அங்கிருந்து பஸ்ஸுக்கும், பஸ்ஸிலிருந்து சந்தைக்கும் போனது. முன்பின் தெரியாத ஒரு பெண் பஸ்ஸில் இன்னொருத்தியிடம், "ரெண்டும் பங்காளிகளாமா" என்று சொல்வதைக் கேட்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டேன். சில வாரங்கள் எல்லாரும் அந்த அண்ணனையும் தங்கையையும் நிம்மதியாகப் பார்த்தோம். அத்தை என் வேலையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடர் ஆரம்பித்தபோது பிணம் இல்லை. அக்னி இருந்தது. அதன் முன்னால் அந்தப் பெண் சிவப்புச் சேலையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் அவள் வகிட்டில் குங்குமம் வைத்தார்.

"கலியாணம்!" என்று பெரியம்மா கத்தினார். கத்திய வாய் அப்படியே நின்றது. அவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

அத்தை எழுந்து நின்றார். மடியிலிருந்த பூண்டுத் தோலெல்லாம் தரையில் கொட்டியது. "அண்ணந் தங்கச்சிகங்க! ஏந்தம்பி, பாத்தயா? ஒரே ரூம்புல ஒக்கார வெச்சா மொறையே மறந்து போயிருது. நானென்னமோ சும்மா சொல்றேன்னு நெனச்சீங்க. வெறும் காதலா இருந்தாலும் போச்சாது, போகட்டும்னு உடலாம். இது என்ன கண்றாவி!"

நான் கட்டிய சுவர் என் தலையிலேயே இடிந்து விழுந்தது. இரண்டு பேர் காதலிப்பதாக மட்டும் அத்தை சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் பெரிய பாவமாக மாற்றிக் கொடுத்தது நான்.

"அத்தை, அது கூட்டப் பேரா இருக்காதுங்க" என்றேன்.

"நீதான படிச்ச?"

"படிச்சனுங்க. ஊர்ப் பேரா இருக்கலாம். பட்டமா இருக்கலாம்."

"அது அன்னைக்குத் தெரியலியா?"

"வடக்க நம்ம மாதிரிக் கூட்டமெல்லாம் இருக்காதுங்க அத்தை."

"கூட்டமில்லாத சனம் எங்கயாச்சும் இருக்குதா? இங்கிலீசுல போட்டிருக்குதுன்னு நீதான அம்மிணி சொன்ன!"

ஆங்கிலத்தில் போட்டிருந்ததை ஆங்கிலம் படித்தவளே மறுத்தால் யார் நம்புவார்கள்? வேறு வழியில்லாமல் நான் காதல் கட்சிக்குத் தாவினேன். "அவிய ஆரம்பத்துல இருந்தே விரும்பினாங்கத்தை. அந்தக் குடையே அதுக்கு ஆதாரமுங்க."

"அதைத்தான நான் அன்னைக்கே சொன்னேன்!" என்றார் பெரியம்மா.

அப்பா படியிலிருந்து இறங்கினார். "வார ஞாயித்துக்கெழமை பேசிக்கலாமுங்க அக்கா" என்று மட்டும் சொன்னார். அந்தப் பேச்சு இன்ஸ்பெக்டரைப் பற்றியதல்ல என்பது எல்லாருக்கும் தெரியும்.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா என்னிடம், "அந்தப் புள்ள இனி வேலைக்குப் போகுமா?" என்று கேட்டார்.

"எந்தப் புள்ளைங்மா?"

"கலியாணமாச்சே, அது. குடையிலயும் கூட்டத்துலயும் என்ன இருக்குது? அதுதான் பாக்கோணும்."

இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளாக ஒரு வார்த்தை வாதாடாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் அம்மா. ஆபீசில் காதல் உண்டா இல்லையா என்று நான் தொண்டை வற்றப் பேசினேன். வேலைக்குப் போகிற பெண் வேலையில் நிலைப்பாளா என்பதுதான் கேள்வி என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வாரம் முழுக்க அப்பா கண்ணில் படாமல் முதல் பஸ்ஸுக்கே போனேன். சாயங்காலம் வந்ததும் எருமைக்குத் தவிடு கலக்கப் போய்விடுவேன். எருமைகளுக்கே என்மேல் சந்தேகம் வந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நான் சீக்கிரமே போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அப்பா வந்தார். எப்போதும் இல்லாத வழக்கமாக உள்ளே வந்து, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தது.

"அம்மிணி, ஆன்டெனாவைப் போய்த் திருப்பு" என்றார்.

"நானுங்களா?"

"வேற ஆரு இருக்கறாங்க?"

ஏணியில் ஏறி மாடிக்குப் போனேன். குழாயைப் பிடித்து மெதுவாகத் திருப்பினேன். கீழேயிருந்து பெரியம்மா, "போச்சு! போச்சு! இன்னுஞ் சித்த... வந்துருச்சு! உட்டராத, அப்புடியே புடிச்சுக்க!" என்றார். கையை எடுத்தால் படம் போகிறது. ஆகவே குடும்பத்தின் முதல் பட்டதாரி, தன் வேலை நிலைக்குமா என்று தீர்மானமாகும் நேரத்தில், வெயிலில் ஒரு குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். படம் எனக்குத் தெரியவில்லை. ஜன்னல் வழியாகக் குரல் மட்டும் வந்தது.

"ஐயோ, யூனிபாரத்துல வாரா!" இது பெரியம்மா.

"வகிட்டுல செவப்பு. இடுப்புல துப்பாக்கி" என்றார் அத்தை. குரலில் இன்னும் கோபம் இருந்தது.

"கலியாணமாகி ஒரு வாரம் ஆகுல. வேலைக்கு வந்துட்டா பாருங்க நங்கை" என்றார் அம்மா.

"பங்காளியைக் கட்டினவ வேற என்ன பண்ணுவா? ஊட்டுல இருந்தா ஊரு பேசுமல்ல!"

பிறகு டிவியில் பெரிய சத்தம் கேட்டது. யாரோ ஓடினார்கள்.

"புருசனைத் தாண்டி ஓடறாளே!" என்று பெரியம்மா கத்தினார்.

"செவுரு, செவுரு ஏறறான் பாரு. உட்டராத, புடி அவனை!" இது அத்தை. அந்த வீட்டில் முதல் தடவையாக ஒருவர் குற்றவாளியைப் பற்றிக் கவலைப்பட்டார். "காலைப் புடி, காலை!"

"புடிச்சுட்டா" என்றார் அப்பா.

கொஞ்ச நேரம் கழித்து அவர் வெளியே வந்து, நெற்றியில் கை வைத்து மேலே பார்த்தார். நான் அப்போதும் குழாயை விடவில்லை.

"போதும், எறங்கு சாமி. கை வலிக்கப் போகுது. நாளைக்கு டைப் அடிக்கோணுமல்ல?"

உள்ளேயிருந்த அத்தைக்கும் அது கேட்டிருக்கும். அவரோ, "அந்தக் கொலைகாரன் எதுக்குக் கொன்னான்னு ஆராச்சும் சொல்லுங்களே" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆபீசில் மேனேஜர் மூக்குப்பொடியை இழுத்துவிட்டு, "ஏம்மிணி, நீங்க படிச்ச புள்ள. ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றார்.

"கேளுங்க சார்."

"அந்த இன்ஸ்பெக்டரும் அந்தப் புள்ளையும் ஒரே கூட்டமாமே, நெசமுங்களா? கலியாணம் செல்லுமா செல்லாதான்னு எங்கூட்டுல நேத்திருந்து ஒரே சண்டை."

"ஆருங்க அப்புடிச் சொன்னது?"

"எங்கியோ ஒரு படிச்ச புள்ள பாத்துச் சொல்லுச்சாமுங்க."

டைப்ரைட்டரில் பேப்பரைச் செருகி, உருளையைத் தேவையில்லாமல் இரண்டு சுற்றுச் சுற்றினேன். "படிச்சவங்க சொல்றதையெல்லாம் நம்பாதீங்க சார்" என்றேன்.

அவர் யோசித்தார். "அதுவுஞ் சரிதானுங்க" என்றார். பிறகு டப்பியை மூடிக்கொண்டே, "ஆனா, இங்கிலீசுல போட்டிருந்துச்சாமே?" என்றார்.