தூக்கிப் பார்த்து வாங்கிய மடிக்கணினி

என் கணவர் சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வரும்போதெல்லாம் என்ன வாங்குவது என்பதை அங்கேயே முடிவு செய்துவிட்டுத்தான் விமானம் ஏறுவார். ஒரு முறை புலி படம் போட்ட கம்பளி வந்தது. கீழ்வேளூர் வெயிலில் அதைப் போர்த்திக்கொள்ள ஆள் கிடையாது. பீரோவின் மேல்தட்டில் புலி இன்னும் படுத்திருக்கிறது. இன்னொரு முறை இடுப்புயர ஸ்பீக்கர் பெட்டி. அதை முதன்முதலாகப் போட்ட அன்று எதிர்வீட்டு மாடு முளையைப் பிடுங்கிக்கொண்டு வாய்க்கால்வரை ஓடிவிட்டது. அவர் மேல் குறை சொல்ல மாட்டேன். கப்பல் பட்டறையில் வேலை, வருஷத்துக்கு ஒரு தடவை வீடு. இருக்கிற ஆசையையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டுக் கட்டிக்கொண்டு வருகிறவர். வாங்குவதற்கு முன்னால் கேட்கத்தான் மறந்துவிடுவார்.

அந்த வருஷம் அவர் முடிவு செய்திருந்தது எனக்கு ஒரு மடிக்கணினி.

தேவை என்னவோ உண்மை. திருவாரூரில் ஒரு தனியார் கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் கல்லூரி வாசலை முதலில் மிதித்தது நான்தான் என்பதில் மாமனாருக்கு இன்றும் பெருமை. வருகைப் பதிவு, மதிப்பெண் ஏற்றுவது, வகுப்புக்குப் படங்கள் தயார் செய்வது எல்லாமே கணினியில். ஆசிரியர் அறையில் இருந்ததோ ஒரே கணினி. அதன் முன்னால் ரேஷன் கடை போல வரிசை நிற்கும். அதனால் என்னுடையதைத் தினமும் தூக்கிக்கொண்டு போவேன். பழைய சாமான் விற்கிறவரிடம் வாங்கிய கணினி. பேட்டரி செத்துப் பல நாளாயிற்று. மூடியின் ஒரு பக்கக் கீல் உடைந்து, ரப்பர் பேண்டு போட்டிருந்தேன்.

இது தவிர எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. எங்கள் சர்ச் சபையில், விளைச்சலைக் காணிக்கை வைக்கிற அறுப்பின் பண்டிகைக்கு நோட்டீஸ் அடிக்க ஒரு தடவை ஆள் கிடைக்காமல் போக, நானே உட்கார்ந்து செய்து கொடுத்தேன். நன்றாக வந்துவிட்டது. அப்புறம் ஞானஸ்நான அட்டை, மஞ்சள் நீராட்டு, கல்யாணப் பத்திரிகை, கல்லூரி விழா பேனர் என்று அவ்வப்போது ஏதாவது வந்துகொண்டே இருந்தது. பிழைப்புக்கு இல்லை, பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

அதில் ஒரு கல்யாண பேனரில்தான் விஷயம் முற்றியது. பழைய கணினியின் திரை வெளுத்துப்போயிருந்தது. அதில் மாப்பிள்ளையின் படம் சோகை பிடித்தவர் போலத் தெரிந்ததால் நிறத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். போதவில்லை, இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். அச்சாகி மண்டப வாசலில் கட்டியபோது மாப்பிள்ளை செங்கல் சூளையிலிருந்து இறங்கி வந்தவர் மாதிரி ஜொலித்தார். அவருடைய அம்மா என்னைக் கண்டுபிடித்து வந்து கேட்டார்:

“ஏம்மா, எம்புள்ளைக்கு என்ன அம்மையா போட்டிருக்கு?”

அன்று ராத்திரி தொலைபேசியில் என் கணவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “நீ விட்டுடு. புதுசு ஒண்ணு நான் பாத்து வச்சிருக்கேன். வரும்போது வாங்கிட்டு வந்துடறேன்” என்றார்.

“வாங்கிட்டு வராதீங்க” என்றேன். “நீங்க வாங்க. வந்து எங்கூட கடைக்கு வாங்க.”

மறுமுனையில், அவர் அறையில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு, “சரி. ஆனா நான் சொல்ற மாடலை நீ ஒரு தடவை பாக்கணும்” என்றார்.

திருச்சி விமான நிலையத்தில் கையை வீசிக்கொண்டுதான் இறங்கினார். ஆனால் கைபேசி முழுக்க வீடியோ. கணினிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டி, நல்லது கெட்டது சொல்கிற வீடியோக்கள். விடுதியில் சாப்பிடும்போது, பேருந்தில் போகும்போது என்று மாதக்கணக்கில் பார்த்திருக்கிறார். கோர் என்றார், ரெஃப்ரெஷ் ரேட் என்றார், தனி கிராபிக்ஸ் கார்டு என்றார். எனக்குத் தலை சுற்றியது. கடைசியில் ஒரு கறுப்பு யானையைக் காட்டினார். விளையாடுகிறவர்கள் வாங்குகிற வகை. விசைப்பலகைக்கு அடியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“எப்படி? சும்மா ராஜா மாதிரி இருக்குல்ல?”

“எவ்வளவு கனம் இருக்கும்?”

“ரெண்டரை கிலோ இருக்கும். அதெல்லாம் ஒரு கனமா? அங்க நான் ஒத்தைக் கையில தூக்குற ஸ்பேனரே அவ்வளவு இருக்கும்.”

“ஸ்பேனரைத் தோள்ல மாட்டிக்கிட்டு பஸ்ல நிப்பீங்களா?”

“பழகிட்டா தெரியாதும்மா.”

“அப்ப நாளைக்கு நீங்களே பழகிப் பாருங்க” என்றேன்.

விளையாட்டாகத்தான் சொன்னேன். ஆனால் மறுநாள் காலை சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றார். என் பையை எடுத்து மாட்டினார். பழைய கணினி, அதன் சார்ஜர், சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், குடை, திருத்திய விடைத்தாள் கட்டு. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “இவ்வளவுதானா?” என்று கேட்டுவிட்டு முன்னால் நடந்தார்.

நாகப்பட்டினத்திலிருந்து வருகிற பேருந்து எங்கள் ஊருக்கு வரும்போதே நிரம்பி வழியும். அது சம்பா நடவு நேரம். வேலைக்குப் போகிற பெண்களும் ஏறியிருந்தார்கள். நான் முன்பக்கம் ஏறி ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் நடுவில் மாட்டிக்கொண்டார். பை ஒருவர் முதுகிலும் இன்னொருவர் முகத்திலும் இடித்தது. இரண்டு பேரிடம் மன்னிப்புக் கேட்டார். மூன்றாவது ஆள் திட்டிய பிறகு, உட்கார்ந்திருந்த ஒரு அம்மா இரக்கப்பட்டுக் கையை நீட்டினார்.

“இங்க குடுங்க தம்பி, மடியில வச்சிக்கிறேன்.”

அவர் கொடுத்தார். அந்த அம்மா பையை மடியில் இறக்கிய வேகத்திலேயே நிமிர்ந்தார்.

“யப்பா! என்ன தம்பி உள்ள, அம்மிக்கல்லா? நீங்களே வச்சிக்குங்க.”

பேருந்தே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கல்லூரி வாசலில் பையை வாங்கிக்கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்பினேன். ஆனால் சாயங்காலம் நான் வெளியே வந்தபோது வாசலில் நின்றார். வீட்டுக்கே போகவில்லை, கமலாலயக் குளக்கரையில் சுற்றிவிட்டு, ஒரு படத்துக்கும் போய் வந்திருக்கிறார். “தூக்குனா முழு நாளும் தூக்கணும்ல” என்று பையைப் பிடுங்கி மாட்டினார். திரும்பும்போது பேருந்து இன்னும் மோசம். வலது தோளிலிருந்து இடது தோள், இடதிலிருந்து வலது என்று பை மாறிக்கொண்டே வந்தது. அன்று ராத்திரி படுக்கப் போகும்போது அறையெல்லாம் தைல வாசனை.

காலையில் இட்லியைப் பிட்டபடி, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: “ஒண்ணரை கிலோவுக்குள்ள இருக்கறதா பாப்போம்.”

சனிக்கிழமை காலை ரயிலில் தஞ்சாவூர் போனோம். பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மாடியில் இருந்த ஒரு கடை. குளிர்சாதனமும் பளிச்சென்ற விளக்குகளுமாக நகைக்கடை போல இருந்தது. எங்களைக் கவனித்த பெண் சிறு வயது, பேச்சில் வேகம். “என்ன யூஸுக்குக்கா?” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் கோர், ரெஃப்ரெஷ் ரேட் என்று ஆரம்பித்துவிட்டார். அவள் மரியாதையாக முடிகிறவரை கேட்டுவிட்டு மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

“தினம் காலேஜுக்கு. அப்பப்ப பத்திரிகை, பேனர் டிசைன் பண்ணுவேன்” என்றேன். “கனம் கூடாது. விலையும் ரொம்பப் போகக் கூடாது.”

முதலில் அவள் கொண்டு வந்தது தகட்டு உடம்பும் தாமரை இதழ் மாதிரி மெல்லிய மூடியுமாக ஒன்று. இரண்டு விரலில் தூக்கலாம். என் கணவர் விலையைப் பார்க்காமலே, “இதையே எடுத்துடலாம்” என்றார். நான் விலையைப் பார்த்தேன். வாங்க முடியாதது இல்லை. ஆனால் அதை மாட்டிக்கொண்டு நான் பேருந்தில் ஏறினால், பயணம் முழுக்கக் கண் பையிலேயே இருக்கும். கண்ணாடிக்குள் வைத்துக் கும்பிடுகிற பொருள் எனக்கு வேண்டாம் என்றேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அடுத்து வந்ததும் எடை குறைவு, விலையும் மலிவு. இங்கேதான் நான் தயார் செய்துகொண்டு போனதை வெளியே எடுத்தேன். பென் டிரைவில் என்னுடைய பழைய கோப்புகள் இருந்தன. கைப்பையில் அவை அச்சாகி வந்த அட்டைகள் இருந்தன. கோப்பைத் திரையில் திறந்து, அட்டையைப் பக்கத்தில் பிடித்தேன். அட்டையில் அரக்கு, திரையில் காவி. மூடியைக் கொஞ்சம் சாய்த்தால் அந்தக் காவியும் சாம்பல் பூத்தது. மாப்பிள்ளையின் அம்மா மனக்கண்ணில் வந்து நின்றார். பெரிய பேனர் ஒன்றைத் திறந்தபோது கணினி அப்படியே உறைந்து, விசிறி மட்டும் கதிரடிக்கிற இயந்திரம் போலக் கத்தியது.

“இது வேணாம்மா” என்றேன்.

மூன்றாவது நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் சாதாரணமாக இருந்தது. பதினான்கு அங்குலத் திரை. அட்டையைப் பிடித்தேன், அரக்கு அரக்காகவே இருந்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மேலிருந்து பார்த்தேன். மாறவில்லை. தமிழில் நாலு வரி தட்டிப் பார்த்தேன், விரலுக்கு ஒத்து வந்தது.

“தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கா?” என்றார் இவர்.

“இல்லண்ணா. வீடியோ எடிட்டிங், த்ரீடி எல்லாம் பண்ணுவீங்களாக்கா?”

“அட்டை, பேனர்தான்.”

“அப்ப இதுவே தாராளம். ஆனா மெமரியை மட்டும் கூடுதலா உள்ளதா எடுத்துக்குங்க. இந்த மாதிரி லேசான மாடல்ல போர்டுலயே ஒட்டி வருது, பின்னாடி ஏத்த முடியாது.”

இவர் என் பக்கம் திரும்பி, “வீடியோவுல இதைச் சொன்னான்” என்றார், ஏதோ அவரே சொன்ன மாதிரி.

பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. வீட்டிலிருந்து அவரே தூக்கி வந்திருந்த என் கல்லூரிப் பையைக் காலி செய்து, அந்தக் கணினியை உள்ளே வைத்தார். “சார்ஜரையும் குடும்மா” என்று வாங்கி வைத்தார். கைபேசி சார்ஜரைவிடக் கொஞ்சம்தான் பெரியது. என் சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், குடை எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினார். தோளில் மாட்டிக்கொண்டு கடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டது போலக் கையை உயர்த்தி, பேருந்து திரும்பும்போது சாய்வது போலச் சாய்ந்தும் பார்த்தார். தொலைக்காட்சி வாங்க வந்த ஒரு குடும்பம் வேலையை விட்டுவிட்டு இவரையே பார்த்தது.

“ஓகே” என்றார், இறக்கி வைத்துவிட்டு. “இது தோள்ல நிக்கும்.”

நான் கடைசியாகப் பெரிய கோப்பு ஒன்றைத் திறந்து காட்டச் சொன்னேன். அது எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகைக்குப் போன வருஷம் செய்த பேனர். நாலு ஓரத்திலும் நெற்கதிர் வளைந்து வரும்படி ஒவ்வொன்றாக நானே வரைந்தது. திரை முழுக்க அது வந்ததும் இவர் குனிந்தார்.

“இது யாரு பண்ணது?”

“நான்தான். அனுப்பினேனே உங்களுக்கு.”

“ஃபோன்ல சின்னதா பாத்தேன். ஏதோ மஞ்சளா இருந்துச்சு.” விரலால் திரையைத் தொடாமல் ஒரு கதிரின் மேலே காட்டினார். “மணி மணியா போட்டிருக்கியே. பால் புடிச்ச கதிர் வேற, முத்துன கதிர் வேற தெரியுது.”

“வேற வேறதான் வரைஞ்சேன்.”

அவர் நிமிர்ந்து, தொலைக்காட்சிக் குடும்பத்தைக் கூப்பிட்டார். “சார், கொஞ்சம் இங்க வாங்களேன். எங்க வீட்ல பண்ணினது.” எனக்கு எங்கே ஒளிவதென்று தெரியவில்லை. அவர்கள் வந்து பார்த்தார்கள். கடைப் பெண்ணும் பார்த்தாள். அந்த வீட்டு அம்மா என் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில், நான் செய்த ஒரு வேலையை அவர் நேரில் நின்று பார்த்தது அன்றுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவரும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். கணினியை வாங்கிக்கொண்டு சாப்பிடப் போன இடத்தில், பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே, “நீ என்ன பண்றேன்னே தெரியாம நான் பாட்டுக்கு மாடல் பாத்துட்டு இருந்திருக்கேன்” என்றார். நான் அவர் இலையில் இன்னும் கொஞ்சம் குருமா ஊற்றச் சொன்னேன்.

மீதி விடுப்பில் சாயங்காலமானால் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். எழுத்துப் பெரிசா இருக்கட்டும், மாமன் பேரு ஓரத்துல போயிடுச்சு, ரோஜாவைக் குறைச்சுக்கோ என்பார். சில சமயம் எரிச்சலாக வரும். சில சமயம் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும்; அதை உடனே ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அவர் திரும்பிப் போன பிறகும் அது நிற்கவில்லை. “அனுப்பு, பாக்கறேன்” என்பார். முதலில் அவர் மட்டும் பார்த்தார். அப்புறம் கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்து அறையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். அவர்களில் வேதாரண்யத்துக்காரர் ஒருவர் ஊரில் வீடு கட்டி முடித்திருந்தார். புதுமனைப் புகுவிழா அழைப்பிதழுக்கு உப்பளம் வேண்டும் என்றார். அப்பா காலத்திலிருந்து உப்பளத்தில் உழைத்த குடும்பம்.

வெள்ளை உப்புக் குவியல், அதன் பின்னால் விடிகிற வானம். வீடியோவில் அவரவர் கருத்தைச் சொன்னார்கள். “அக்கா, வானம் இன்னும் கொஞ்சம் செவப்பா இருக்கட்டும்” என்றார் ஒருவர். “டேய், விடியறப்ப அங்க அவ்வளவு செவப்பா இருக்காதுடா” என்றார் உப்பளத்துக்காரர். அன்று சமைக்கும் முறை வந்த ஒருவர் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்து, குவியலைக் கொஞ்சம் கூர்மையாக்கச் சொன்னார். என் கணவர் நடுவில் மேஸ்திரி போல உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “அவங்களுக்குத் தெரியும், விடுங்கப்பா” என்றார். ஆனால் கூர்மையாக்கிப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது.

அந்த அழைப்பிதழ் வேதாரண்யம் போய்ச் சேர்ந்த வாரமே, கரண்டிக்காரரின் தங்கைக்கு மன்னார்குடியில் கல்யாணம் நிச்சயமாயிற்று.